வாசற்படியில் நின்ற வளர்ச்சி

உலக நிறுவனங்களும் ஒரு நாட்டின் அரசும் கைகோத்து ஆற்றும் பணிகளைப் பற்றிய அறிக்கைகளில் 'அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சி' என்னும் தொடர் இந்நாளில் தவறாது இடம்பெறுகின்றது. செவிக்கினிய தொடர்தான். ஆயினும் ஒரு திட்டம் அனைவரையும் உள்ளடக்கியதா என்பதை அறிய அறிக்கையின் முகவுரை போதாது. கடைசித் தெருவின் கடைசி வீட்டு வாசலில் அத்திட்டம் எவ்வாறு வரவேற்கப்பட்டது என்பதையே நாம் காணுதல் வேண்டும். அவ்வாறு காண்பதற்கு நம் நாட்டின் இளம்பிள்ளைவாத ஒழிப்புப் பணியைவிடச் சிறந்த சான்று வேறில்லை என்பது எம் கருத்து. அச்சான்றில் நம் சமுதாயத்திற்கும் கல்விக்கூடங்களுக்கும் உரிய பாடம் ஒன்று உண்டு.

கூட்டு முயற்சியின் தோற்றம்

இளம்பிள்ளைவாதத்தை உலகினின்றும் அகற்றுவதென 1988ஆம் ஆண்டு உலக சுகாதாரப் பேரவை தீர்மானித்தது. உலக சுகாதார நிறுவனம், ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமாகிய யுனிசெப், ரோட்டரி இயக்கம் ஆகியவை இப்பணியில் ஒன்றிணைந்தன. இந்திய அரசு 1995ஆம் ஆண்டில் நாடு தழுவிய சொட்டு மருந்து முகாம்களைத் தொடங்கிற்று. நோய் தோன்றும் இடங்களைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்து 1997இல் கண்காணிப்புத் திட்டம் ஒன்றையும் அமைத்தது. பணம், மருந்து, மருத்துவர், வாகனம் யாவும் இருந்தன. நாட்டின் பெரும்பகுதியில் நோயும் விரைந்து குறைந்தது.

ஆயினும் 2001இல் 268 ஆக இருந்த நோயுற்றோர் எண்ணிக்கை, 2002இல் 1,600 ஆக உயர்ந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த குழந்தைகள். மொராதாபாத் போன்ற மேற்கு மாவட்டங்களில், பித்தளைப் பாத்திரத் தொழில் செய்து பிழைக்கும் முஸ்லிம் குடும்பங்கள் நெருங்கி வாழும் தெருக்களில், நோய் வேரூன்றி நின்றது.

மூடிய கதவுகள்

அத்தெருக்களில் பல வீடுகளின் கதவுகள் சொட்டு மருந்துப் பணியாளர்க்குத் திறக்கவில்லை. மருந்து பெற்ற வீட்டுச் சுவரில் ஆங்கில எழுத்தாகிய 'பி' என்றும், பெறாத வீட்டுச் சுவரில் 'எக்ஸ்' என்றும் சுண்ணக்கட்டியால் குறியிடுவது பணியாளர் வழக்கம். 'எக்ஸ்' குறியிட்ட வீடுகள் பெருகின. இம்மருந்து மலட்டுத்தன்மையை உண்டாக்கும், மக்கள்தொகையைக் குறைக்கச் செய்யும் சூழ்ச்சி இது என்னும் வதந்தி பரவியிருந்தது.

வதந்தி அறியாமையின் விளைவே என்று கூறி நாம் நகர்ந்துவிடலாம். ஆனால் அத்தாய்மார் எழுப்பிய வினாக்களை எண்ணிப் பாருங்கள். "காய்ச்சலுக்கு மருந்து கேட்டால் தருவார் இல்லை; கழிவுநீர் வீட்டுக்குள் வருகிறது என்றால் கேட்பார் இல்லை; இந்த இரண்டு சொட்டுக்கு மட்டும் ஏன் மாதந்தோறும் தேடி வருகிறீர்கள்?" என்பதே அவ்வினாக்களின் சாரம். சாலையும் மின்சாரமும் வந்த பின்னரே மருந்தை ஏற்போம் என ஊரார் கூடி மறுத்த இடங்களும் உண்டு. ஆடவர் வெளியே சென்றிருக்கும் வேளையில் அறிமுகமற்ற ஆண் பணியாளர் வந்து கதவைத் தட்டினால் எந்தத் தாய் திறப்பாள்?

இன்னொரு காரணமும் உண்டு. நெரிசலும் கழிவுநீரும் மிகுந்த அப்பகுதிகளில், வயிற்றுப்போக்கால் நலிந்த குழந்தைகளின் குடலில் இம்மருந்து பிற பகுதிகளிற்போல் வேலை செய்யவில்லை. பலமுறை மருந்து பெற்ற குழந்தையும் கால் முடங்கிற்று. இதை நேரிற் கண்ட அண்டை வீட்டார் மருந்தை ஐயுற்றதில் வியப்பென்ன? நோய்க்கும் ஐயத்திற்கும் வேர் ஒன்றே. அது அவ்வூர்ச் சாக்கடையில் இருந்தது.

கதவைத் திறந்தவர் யார்?

மாற்றம் நிகழ்ந்தது, புதிய கைகள் சேர்ந்தபோதுதான். யுனிசெப் நிறுவனம் அரசோடு இணைந்து, அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண்களையே சமுதாய ஊக்குநர்களாக அமர்த்தியது. சில நூறு வீடுகளுக்கு ஒருவர் எனப் பொறுப்பேற்ற அப்பெண்கள், எந்த வீட்டில் குழந்தை பிறந்தது, எந்த வீட்டார் ஊருக்குச் சென்றுள்ளனர் என்பதை அறிந்திருந்தனர். மருந்தைப் பற்றி மட்டும் பேசாமல் கைகழுவுதல், தாய்ப்பால், பிற தடுப்பூசிகள் ஆகியவற்றைப் பற்றியும் பேசினர். உலமாக்களும் இமாம்களும் பள்ளிவாசல்களில் அறிவிப்புச் செய்தனர். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா, ஜாமியா ஹம்தர்த் ஆகிய உயர்கல்வி நிறுவனங்களும் இப்பணிக்கு அழைக்கப்பட்டன.

அறிவியலும் தன் பங்கை ஆற்றியது. 2010இல் ஈரினக் கிருமிகளை எதிர்க்கும் புதிய மருந்து புழக்கத்திற்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில், உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் நோய் நீங்காத 107 ஒன்றியங்களைத் தெரிந்தெடுத்து, மருந்தோடு தூய்மை, குடிநீர், வயிற்றுப்போக்குத் தடுப்பு ஆகியவற்றிலும் கருத்துச் செலுத்தும் திட்டம் வகுக்கப்பட்டது. தாய்மார் முன்னரே கூறியதை வல்லுநர் பின்னர் ஏற்றனர் என்றே நாம் இதனைக் கொள்கிறோம்.

பயன் கண்கூடு. 2009இல் 741 பேர், 2010இல் 42 பேர், 2011இல் ஒருவர். அவ்வாண்டு ஜனவரி 13ஆம் நாள் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் நோய் கண்ட குழந்தையே, இயற்கைக் கிருமியால் இந்நோயுற்றோருள் இந்தியாவின் இறுதி நோயாளி. 2014 மார்ச் 27ஆம் நாள் தென்கிழக்காசிய வட்டாரம் முழுவதும் இளம்பிள்ளைவாதமற்றதெனச் சான்றளிக்கப்பட்டது.

நம்பிக்கை முறிந்தால்

நம்பிக்கை என்னும் இந்நூல் எளிதில் அறுபடுவது. நைஜீரியாவின் கானோ மாநிலம் 2003இல் இம்மருந்தை நிறுத்தியது. மறு ஆண்டு, இந்தோனேசியாவில் செய்யப்பட்ட மருந்தை ஏற்றுப் பணியைத் தொடர்ந்தது. ஆனால் அதற்குள் கிருமி பல நாடுகளுக்குப் பரவி, 2005இல் அந்த இந்தோனேசியாவையே அடைந்தது. வதந்திக்குச் செவிசாய்த்ததன் விலை அது.

மறுபுறம், பாகிஸ்தானின் அபோட்டாபாத் நகரில் 2011ஆம் ஆண்டில் அமெரிக்க உளவு நிறுவனம் தடுப்பூசிப் பணியைப் போர்வையாக்கி வேவு பார்த்தது வெளிப்பட்டது. ஐயம் பெருகிற்று, தொடர்ந்த ஆண்டுகளில் சொட்டு மருந்துப் பணியாளர் பலர் கொல்லப்பட்டனர். குழந்தைக்கு மருந்தளிக்கச் சென்ற எளிய பெண்களின் உயிரைப் பறித்தவர் செயலுக்கு எவ்வகை நியாயமும் இல்லை. உதவியின் பெயரால் வஞ்சித்தவர்க்கும் இறைவன் முன் பொறுப்பு உண்டு. இயற்கைக் கிருமியால் வரும் இளம்பிள்ளைவாதம் இன்றும் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் நீங்கவில்லை.

நாம் கூற விழைவது

இக்கூட்டு முயற்சியை நாம் மனமாரப் போற்றுகிறோம். எனினும் ஒரு வினாவை எழுப்பாதிருக்க இயலவில்லை. இந்நோய் ஒரு சேரியில் எஞ்சினும் உலகெங்கும் பரவும் என்பதாலன்றோ உலகம் அச்சேரியைத் தேடி வந்தது? அச்சேரியின் சாக்கடை அச்சேரியாரை மட்டுமே வருத்துவதாயின் அத்தனை வாகனங்கள் வந்திருக்குமா? நோய் நீங்கியதும் கணக்கு முடிந்ததெனப் புறப்படுவது முழுமையான வளர்ச்சியாகாது. எளியவரின் துன்பம், பிறரை அச்சுறுத்தும்போது மட்டுமன்றி, அது துன்பம் என்பதாலேயே தீர்க்கப்படல் வேண்டும்.

எனவே உலக நிறுவனமும் அரசும் இடும் ஒப்பந்தத்தில் மூன்றாவது கையொப்பமாக மக்களின் ஒப்புதல் இருத்தல் வேண்டும் என்கிறோம். திட்டம் வகுக்கும் நாளிலேயே அவர்களைக் கேட்க வேண்டும். கதவு மூடிய பின்னர்க் கேட்பது காலங்கடந்த செயல். இவ்வுரிமையைக் கோரும் நாம் நம் கடமையையும் உணர வேண்டும். ஆராயாது வதந்தியைப் பரப்புவதும், அது பொய்யென அறிந்தும் பெரியோர் வாளாவிருப்பதும் நம் குழந்தைகளையே முடமாக்கும் என்பதற்கு அப்பிஞ்சுக் கால்கள் சான்று.

கல்லூரிகளுக்கும் இதிற் பங்குண்டு. மொழித்துறைக்குச் சிறப்பாக உண்டு. திட்ட அறிக்கைகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, கடுந்தமிழில் பெயர்க்கப்பட்டு, எவருக்கும் விளங்காமல் அலுவலகச் சுவர்களில் தொங்குகின்றன. அவற்றைத் தாய்மார் உணரும் தமிழில் எடுத்துரைப்பதும், அத்தாய்மார் கூறும் குறைகளை ஆட்சியாளர் உணரும் மொழியில் எழுதித் தருவதும் தமிழ் பயின்ற மாணவர்க்கு உரிய தொண்டல்லவா? மொராதாபாத் தெருக்களில் கதவைத் திறந்தது, அந்த வீட்டார் பேசும் மொழியில் அந்த வீட்டார் அறிந்த ஒருத்தி கூறிய சொல்.

மாணவச் செல்வங்களே! பட்டம் பெற்று நீங்கள் செல்லும் ஊர்களிலும் ஏதேனும் ஒரு திட்டம் வாசற்படியில் தயங்கி நிற்கும். உள்ளே ஒரு தாய் அஞ்சி நிற்பாள். இருவருக்கும் இடையே நின்று பேசும் நேர்மையான குரல் உங்களுடையதாகட்டும். அதற்குரிய அறிவையும் துணிவையும் இறைவன் உங்களுக்கு அருள்வானாக!