‘போயிந்தி’ன்னா போயிடுச்சுன்னு அர்த்தமா?

போன தடவை ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா சூளூர்பேட்டை. "அது ஆந்திராவாச்சே, நீங்க எப்படித் தமிழ்?"னு இங்க டென்வர்ல பொங்கல் விழாவுக்குப் பொங்கல் விழா யாராவது ஒருத்தர் கேட்டுடறாங்க. சென்னையில மின்சார ரயில் ஏறினா கடைசியா இறக்கிவிடற ஊருங்க அது. வீட்டுல தமிழ், கடைத்தெருவுல தெலுங்கு. நெல்லூர் மாவட்டமா இருந்து 2022 ஏப்ரல்ல திருப்பதி மாவட்டம் ஆயிடுச்சு. ஊரு மட்டும் இருந்த இடத்துலயேதான் இருக்கு. கிழக்கே பழவேற்காடு ஏரிக்கு நடுவுல போற ரோட்டைப் பிடிச்சா ஸ்ரீஹரிகோட்டா.

நிற்க. இது ராக்கெட் பதிவு இல்ல, சைக்கிள் பதிவு. ராக்கெட் நடுவுல வரும்.

தங்கச்சி பையனுக்குப் பதினாலு வயசு. ரெண்டு வருஷம் முன்னாடி நான் அனுப்பின காசுல வாங்கின கியர் சைக்கிள். முன்பக்கம் ஷாக் அப்சார்பர் வெச்ச ஃபோர்க். போய் இறங்கின அன்னிக்கே, "மாமா, முன்னாடி ஜம்ப்பே ஆகமாட்டேங்குது. அமுக்கினா அப்படியே நிக்குது"ன்னான். நான் போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஏரி ரோட்டுல ஒரு பள்ளத்துல இறக்கியிருக்கான். பாதி இறங்கின ஃபோர்க் மேல வரவே இல்ல. ஹேண்டில் கையை விட்டுப் போய், மணிக்கட்டு எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. போன்ல பேசும்போது என்கிட்ட யாரும் சொல்லல. "நீ அங்க உக்காந்து கவலைப்படுவேண்ணா"ன்னு தங்கச்சி சொல்றா.

கடைக்கு எடுத்துட்டுப் போனோம். மெக்கானிக் ஹேண்டிலைப் பிடிச்சு ஒரே ஒரு அமுக்கு. "ஃபோர்க் போயிந்தி சார். மார்ச்சாலி." அதாவது, போயிடுச்சு, மாத்தணும். கழட்டலை, சக்கரத்தைக்கூட எடுக்கலை. பத்து விநாடியில தீர்ப்பு.

தங்கச்சி பக்கத்துல நின்னுக்கிட்டு, "ஃபோர்க் எதுக்கு, நீ இருக்கும்போதே புது சைக்கிளா வாங்கிக் குடுத்துடுண்ணா"ங்கறா. நானும் பர்ஸை எடுத்துட்டேன். நாம எல்லாரும் செய்யறதுதானே? ஊர்ல என்ன ரிப்பேர்னாலும் நம்மகிட்ட இருக்கற ஒரே ஸ்பேனர் பர்ஸுதான்.

அப்பதான் என்னோட சொந்த அசிங்கம் ஞாபகத்துக்கு வந்துச்சு. சொல்லிடறேன், சிரிச்சுக்குங்க.

இங்க எனக்கு ஒரு மவுன்டன் பைக் இருக்கு. கொலராடோ வந்துட்டு மலைப்பாதையில சைக்கிள் ஓட்டலைன்னா பக்கத்து வீட்டுக்காரன் சந்தேகமா பார்ப்பான். சில வருஷம் முன்னாடி அதோட ஃபோர்க் சிக்க ஆரம்பிச்சுது. சின்னக் கல்லுக்கு அசையவே அசையாது, பெரிய கல்லுக்குத் திடுக்குனு இறங்கும். கடையில "மாத்திடலாம்"னாங்க. கேள்வியே கேக்காம சில நூறு டாலரை நீட்டிட்டு வந்தேன். பழைய ஃபோர்க் கராஜ்ல கிடந்துச்சு. பனிக்காலத்துல ஒரு நாள் பொழுதுபோகாம காத்தை இறக்கிட்டுக் கையால அமுக்கிப் பாத்தா, வெண்ணெய்ல கத்தி இறங்கற மாதிரி இறங்குது! ஃபோர்க்ல ஒரு கோளாறும் இல்ல. டயர் மாத்தினப்போ நான்தான் ஆக்சிலை முரட்டுத்தனமா இறுக்கி, ரெண்டு காலையும் உள்பக்கமா வளைச்சு வெச்சிருக்கேன். இணையா இருக்க வேண்டிய ரெண்டு குழாய் இணையா இல்லைன்னா எப்படி வழுக்கும்? ஆக்சிலைத் தளர்த்தி, ஃபோர்க்கை நாலு தடவை அமுக்கி விட்டு, மறுபடி அளவா இறுக்கியிருந்தா முடிஞ்சிருக்கும். செலவு சுழியம்.

அவ்வ்வ்வ். பொட்டி தட்டற எஞ்சினீயர்னு பேரு வேற.

அதனால பர்ஸை உள்ள வெச்சுட்டு, சைக்கிளை வீட்டுக்கே தள்ளிட்டு வந்தோம்.

இப்ப ராக்கெட். 1979 ஆகஸ்ட் 10. எஸ்.எல்.வி-3 முதல் தடவையா ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து கிளம்பி 317 விநாடியில கடல்ல விழுந்துச்சு. நம்ம குடும்ப வாட்ஸ்அப் குழு எல்லாத்துலயும் இந்தக் கதை மாசத்துக்கு ஒரு தடவை வந்துடும். தோத்தப்போ பத்திரிகைக்காரங்க முன்னாடி சதீஷ் தவான் பழியை ஏத்துக்கிட்டாரு, 1980 ஜூலை 18-ல ஜெயிச்சப்போ கலாமை முன்னாடி அனுப்பினாரு, இதுதான் தலைமைப் பண்புன்னு. நல்ல கதைதான். ஆனா அந்த ரெண்டு தேதிக்கும் நடுவுல பதினோரு மாசம் இருக்கே, அதைப் பத்தி யாரும் ஃபார்வர்டு பண்றதில்ல. அந்தப் பதினோரு மாசத்துல என்ன நடந்துச்சு? ஏன் விழுந்துச்சுன்னு தேடினாங்க. ரெண்டாம் கட்டத்துக் கட்டுப்பாட்டு அமைப்புல ஒரு வால்வு அழுக்கு படிஞ்சு மூடாம நின்னுடுச்சு, நைட்ரிக் அமிலம் ஒழுகிப் போச்சு, அதனால திசை திருப்ப ஆளில்லைன்னு கண்டுபிடிச்சாங்க. அழுக்கு படிஞ்சு சிக்கின ஒரு சின்ன சாமான்! 2021 ஆகஸ்ட் 12-ல ஜி.எஸ்.எல்.வி எஃப்-10 தோத்தப்பவும் இதே முறைதான். குழு போட்டு, தரவை வரிவரியாப் படிச்சு, ஹைட்ரஜன் டேங்க்குல இருந்த ஒரு வால்வு கசிஞ்சு அழுத்தம் குறைஞ்சதுங்கற வரைக்கும் போனாங்க. "ராக்கெட் போயிந்தி, மார்ச்சாலி"ன்னு யாரும் சொல்லலை.

அந்த ராக்கெட் கிளம்பற சத்தம் கேக்கற ஊர்ல, ஒரு சைக்கிள் ஃபோர்க்கைக் கழட்டிப் பாக்க ஆள் இல்லைன்னா எனக்குக் கோவம் வருமா வராதா?

இன்னொரு வேடிக்கை. 1980-ல எஸ்.எல்.வி மேல ஏத்தின செயற்கைக்கோள் பேரு ரோகிணி ஆர்.எஸ்-1. 1989-ல ராக்‌ஷாக்ஸ் கம்பெனி வெளியிட்ட முதல் மவுன்டன் பைக் ஃபோர்க் பேரும் ஆர்.எஸ்-1 தான். அடுத்த வருஷம் இங்க கொலராடோவுல டுராங்கோல நடந்த உலகப் போட்டியில, மலையிறக்கப் பந்தயத்தை அந்த ஃபோர்க்கோடதான் கிரெக் ஹெர்போல்ட் ஜெயிச்சார். ரெண்டுக்கும் சம்பந்தம் ஒண்ணும் இல்ல. சும்மா சொல்லணும்னு தோணுச்சு :-)

சரி, மேட்டருக்கு வருவோம். சிக்கற ஃபோர்க்கை எப்படி விசாரிக்கணும்? நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட வரிசை இது. சுலபமானதுல ஆரம்பிச்சு ஒவ்வொரு சந்தேகமா கழிச்சுக்கிட்டே போகணும்.

முதல்ல, என்ன மாதிரி சிக்கல்னு பாருங்க. முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா உடம்பு பாரத்தைப் போடுங்க. ஆரம்பத்துல நகராம நின்னு திடீர்னு விடுதுன்னா அது உராய்வு. சுலபமா இறங்கி, மேல வரும்போது மட்டும் சோம்பேறியா வருதுன்னா அது ரீபவுண்ட் திருகை ரொம்ப மெதுவுல வெச்சிருக்கறது. இது ரெண்டையும் குழப்பிக்கிட்டாலே பாதி காசு போச்சு. அசையவே இல்லைன்னா மேல இருக்கற லாக்-அவுட் திருகைப் பாருங்க. பையன் விளையாட்டாத் திருகி வெச்சிருப்பான். சிரிக்காதீங்க, நடந்திருக்கு.

ரெண்டாவது, நான் ஏமாந்த இடம். ஆக்சிலைத் தளர்த்திட்டு அமுக்குங்க. அப்பவே சரியாயிட்டா குற்றவாளி சக்கரம், ஃபோர்க் இல்ல.

மூணாவது, காத்து ஃபோர்க்கா இருந்தா காத்தழுத்தம். நீங்க உக்காந்தா மொத்த நகர்வுல சுமாரா அஞ்சுல ஒரு பங்குல இருந்து நாலுல ஒரு பங்கு இறங்கணும். குழாய் மேல இருக்கற ரப்பர் வளையம் காட்டிக் குடுத்துடும். இன்னொண்ணு, கடல் மட்டத்துல பூட்டின ஃபோர்க்கை 1,600 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுவந்தா கீழ்க்காலுக்குள்ள அடைபட்ட காத்து வெளிக்காத்தைவிட அழுத்தமா இருக்கும், ஃபோர்க் விறைப்பாத் தெரியும். கோளாறு இல்ல, இயற்பியல். அதை வெளியேத்த வழி இருக்கு, அந்தந்த ஃபோர்க் கையேட்டைப் பாருங்க.

நாலாவது, சக்கரத்தை எடுத்துட்டு, காத்தை முழுசா இறக்கிட்டு, இல்ல ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு, வெறும் குழாயை மட்டும் நகர்த்திப் பாருங்க. இப்ப வழுக்கினா தப்பு ஸ்பிரிங் பக்கமோ டேம்பர் பக்கமோ இருக்கு. இப்பவும் சிக்கினா தப்பு குழாயும் கீழ்க்காலும் உரசற இடத்துல. காய்ஞ்சுபோன சீல், மண்ணு, எண்ணெய் வத்தின ஸ்பாஞ்சு வளையம், தேய்ஞ்ச புஷ், இல்ல வளைஞ்ச குழாய். நல்ல ஃபோர்க்குக்கே ஓட்டின 50 மணி நேரத்துக்கு ஒரு தடவை கீழ்க்காலைக் கழட்டித் துடைச்சுப் புது எண்ணெய் விடச் சொல்லி ராக்‌ஷாக்ஸ் கையேட்டுல போட்டிருக்கு. நம்ம வீட்டுல யாராவது ஒரு தடவையாவது செஞ்சிருக்கோமா?

சூளூர்பேட்டையில நாலாவது படிக்கு வந்தப்போதான் பிடிபட்டுச்சு. ஸ்பிரிங்கை எடுத்தும் அசையலை. அடி போல்ட்டைக் கழட்டிக் கீழ்க்காலை உருவினா, உள்ள கிரீஸே இல்ல. உப்பு மண்ணும் துருவும் சேர்ந்து கறுப்பா ஒரு களிம்பு. கூடவே ஒரு வாசனை. தேங்காய் எண்ணெய்! "சிக்கும்போதெல்லாம் பாட்டி பாட்டில்ல இருந்து ரெண்டு சொட்டு விடுவேன் மாமா"ங்கறான். எண்ணெய் விட விட மண்ணு ஒட்டும், மண்ணு ஒட்ட ஒட்ட சிக்கும். இங்க இருக்கறவங்க ரொம்பச் சிரிக்க வேணாம், நீங்க டபிள்யூடி-40 அடிக்கறீங்க. அது உள்ள இருக்கற நல்ல கிரீஸையும் கரைச்சு எடுத்துட்டுப் போயிடும்.

மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட்டும் பழைய வேட்டித் துணியும் வெச்சுத் துடைச்சோம். குழாய்ல உரசற பகுதியில துருக்குழி இல்ல, வளைவு இல்ல, விரிசல் இல்லைன்னு வெயில்ல திருப்பித் திருப்பிப் பாத்தோம். கிரீஸ் தடவி மாட்டினோம். அரை நாள். ஒரு டப்பா கிரீஸ் செலவு. அமுக்கினான், இறங்கிச்சு, ஏறிச்சு. அவன் மூஞ்சியைப் பாக்கணுமே. விழுந்தது தன்னோட தப்புன்னு ரெண்டு மாசமா நெனச்சுக்கிட்டிருந்திருக்கான் பய. "நீ சரியா ஓட்டத் தெரியாதவன்"னு எல்லாரும் திட்டியிருக்காங்க. ஃபோர்க்கோட சேர்த்து அவன் மேலயும் விசாரிக்காம ஒரு தீர்ப்பு எழுதியாச்சு.

இப்ப என் சண்டை மெக்கானிக்கோட இல்ல. யோசிச்சுப் பாருங்க. அவர் அரை நாள் உக்காந்து கழட்டிப் பாத்து, "கிரீஸ் போட்டேன், ஐநூறு ரூபா குடுங்க"ன்னு கேட்டிருந்தா நாம என்ன சொல்லியிருப்போம்? "சும்மா துடைச்சதுக்கு ஐநூறா?" அதே ஆளு புது ஃபோர்க்கைப் பத்து நிமிஷத்துல மாட்டிட்டு அதுக்கு ஆறு மடங்கு கேட்டா, சாமான் விலைன்னு எண்ணிக் குடுத்துட்டு வருவோம். கண்டுபிடிக்கறதுக்குக் கூலி இல்ல, மாத்தறதுக்குத்தான் கூலின்னு விதி வெச்சது நாமதான். அப்புறம் எவன் கண்டுபிடிப்பான்? டாக்டர் நாடி பிடிச்சுப் பாக்கறதுக்கு ஃபீஸ் குடுக்கறோம்ல?

"எங்க டைமுக்கு விலை இருக்கு சார், உக்காந்து கழட்டிக்கிட்டு இருக்க முடியுமா?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். நீங்க கழட்ட வேணாம், கழட்டறவருக்கு நேரக்கூலி குடுங்க. ஆனா ஆக்சிலைத் தளர்த்திப் பாக்க ரெண்டு நிமிஷம் ஆகும். அதுக்கும் நேரம் இல்லைங்கறதை நான் நம்பத் தயாரா இல்ல.

"ரிப்பேர் பண்ணின ஃபோர்க்கு பத்திரமா?"ன்னும் கேப்பீங்க. விரிசல் விட்டதை, வளைஞ்சதை, குழாய்ல குழி விழுந்ததைத் தூக்கித்தான் போடணும், அதுல தயவு தாட்சண்யமே கிடையாது. ஆனா அதுவும் கழட்டிப் பாத்தாத்தானே தெரியும்? ஏன் சிக்குதுன்னு தெரியாம மாத்தினா, ஏரிக்காத்துல அடுத்த வருஷம் புதுசும் இதே மாதிரி சிக்கும். பையன் இதே மாதிரி விழுவான்.

கடைசியா, வயிறெரியற ஒரு விஷயம். அந்த ஊர்ல அவன் ஓட்டறது தட்டையான ரோடு. அங்க ஷாக் அப்சார்பரே தேவையில்ல. சாதா இரும்பு ஃபோர்க் கனமும் கம்மி, விலையும் கம்மி, சிக்கறதுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல. எங்க அப்பா முப்பது வருஷம் ஓட்டின சைக்கிள்ல அதுதான் இருந்துச்சு. நான்தான் "நல்ல கியர் சைக்கிளா, முன்னாடி ஷாக் வெச்சதா வாங்கிக் குடு"ன்னு இங்கிருந்து போன்ல சொன்னவன். ஆக, மணிக்கட்டு உடைஞ்ச கேஸ்ல முதல் குற்றவாளி யாருன்னு உங்களுக்கே புரிஞ்சிருக்கும்.

கிளம்பற அன்னிக்கு அந்த மெக்கானிக் கடைக்குப் போய், பையனை விட்டே சொல்லச் சொன்னேன். அவரும் ஃபோர்க்கை அமுக்கிப் பாத்துட்டு, "பாகுந்தி"ன்னார். மூணு மாசத்துக்கு ஒரு தடவை கழட்டித் துடைச்சுக் குடுங்க, பாத்ததுக்குக் காசு தர்றோம்னு பேசி முடிச்சிருக்கேன். இந்த மாசம் துடைச்சாச்சான்னு இன்னிக்குக் கூப்பிட்டுக் கேக்கணும்.

டிஸ்கி: காத்து ஃபோர்க்கைக் கழட்டறதுக்கு முன்னாடி காத்தை முழுசா இறக்கிடுங்க. இறக்காம அடி போல்ட்டுல கை வெச்சு மூஞ்சியில வாங்கிட்டு வந்து என்னைத் திட்டாதீங்க.