வேற்றுக் கிரகத்துப் பேயும் உள்ளூர்ப் பேராசையும்

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கத்துத் தோழர்கள் சிலர் நம்மிடம் ஒரு குறை சொல்லுகின்றார்கள். அதாவது, பேய் இல்லை, முனி இல்லை, காட்டேரி இல்லை என்று நாம் மேடைக்கு மேடை தொண்டை வறளக் கத்திக் கொண்டிருக்க, நமது பிள்ளைகளோ வேற்றுக் கிரகத்திலிருந்து எட்டுக் கையும் பத்துக் கண்ணுமாய் இறங்கி வந்து மனிதனைத் தின்னும் ஜந்துக்களைப் பற்றிய காமிக்ஸ் என்னும் சித்திரக்கதைகளை வாசித்துக் கொண்டு திரிகின்றார்கள் என்றும், இது பழைய புராணத்தை ராக்கெட்டில் ஏற்றி அனுப்புகின்ற காரியம் என்றும், ஆதலால் நாம் இவைகளைக் கண்டித்து எழுத வேண்டும் என்றும் சொல்லுகின்றார்கள்.

நாம் கண்டித்து எழுதப் போவதில்லை. புராணக்காரன் தன் கதையை நிஜம் என்கின்றான். நம்பாதவனுக்கு நரகம் என்கின்றான். கேட்டதற்குத் தட்சணையும் வாங்குகின்றான். சித்திரக்கதைக்காரனோ இது கற்பனை என்று சொல்லியே விலை போட்டு விற்கின்றான். படித்த பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சோறு தின்னப் போகின்றான்.

“சேலத்தைப் பார்க்கவில்லையா?” என்று கேட்பீர்கள். பார்த்தோம். சேலத்துக்குப் பக்கத்தில் ஒருவர் கோயில் கட்டி, அதில் வேற்றுக் கிரகவாசிக்கும் சிலை வைத்துப் பூசை செய்வதாக 2024-ம் வருஷம் பத்திரிகைகளில் வந்தது. இயற்கைச் சீற்றங்களிலிருந்து அது நம்மைக் காப்பாற்றுமாம்! ஆனால் இது எதனுடைய குற்றம்? எதைக் கண்டாலும் கும்பிடு, எது புரியாவிட்டாலும் கற்பூரம் கொளுத்து என்று தலைமுறை தலைமுறையாய்ப் பழக்கி வைத்த புத்தியின் குற்றமேயொழிய, சித்திரக்கதையின் குற்றமாகாது. அந்தப் புத்தியினிடம் மோட்டார் பம்பைக் கொடுத்தாலும் அதற்கும் பொட்டு வைத்து மாலை போடும்.

நிற்க, இக்கதைகளில் என்னதான் இருக்கின்றது என்று பார்ப்போம். தமிழில் 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாக வந்தது “இரும்புக்கை மாயாவி”. ஒரு விஞ்ஞானச் சாலையின் உதவியாளன் விபத்தில் மின்சாரம் தாக்கி, இரும்புக் கை தவிர உடல் முழுதும் கண்ணுக்கு மறைந்து போகின்றான். யார் கண்ணுக்கும் தெரியாத சக்தி கிடைத்ததும் முதலில் என்ன செய்கின்றான்? கொள்ளையடிக்கப் போகின்றான். இதிலே பூதமும் இல்லை, சாபமும் இல்லை. கேட்பாரற்ற அதிகாரம் கையில் கிடைத்த மனிதனுக்கு வரும் புத்தியைக் காட்டுகின்றார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 1953-ல் வந்த ஒரு கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெயர் “தீர்ப்பு நாள்”. எழுதியவர் ஆல் பெல்ட்ஸ்டீன், படம் போட்டவர் ஜோ ஒர்லாண்டோ. மண்ணுலகத்திலிருந்து ஒருவன் எந்திர மனிதர்கள் வாழும் ஒரு கிரகத்துக்கு, அவர்களை உலகங்களின் குடியரசில் சேர்த்துக் கொள்ளலாமா என்று பரிசீலிக்கப் போகின்றான். அங்கே ஆரஞ்சு நிறத்தார் ஒரு ஜாதி, நீல நிறத்தார் ஒரு ஜாதி. நல்ல வீதியும் நல்ல வேலையும் ஆரஞ்சுக்கு. நீலத்துக்கு ஊருக்கு ஒதுக்கமான இடம், வண்டியில் பின்பக்கத்து இருக்கை. வந்தவன் தொழிற்சாலைக்குள் போய்ப் பார்க்கின்றான். இரண்டுக்கும் உள்ளே ஒரே கம்பி, ஒரே சக்கரம், ஒரே மூளை. மேல் தகடு மட்டுமே வேறு. “உங்களுக்கு இன்னும் யோக்கியதை வரவில்லை” என்று சொல்லிவிட்டுத் தன் கப்பலில் ஏறித் தலைக் கவசத்தைக் கழற்றுகின்றான். பார்த்தால் அவன் ஒரு கறுப்பு மனிதன்!

தோழர்களே, சேரி எங்கே இருக்கின்றது, தேநீர்க் கடையில் தனிக் குவளை யாருக்கு வைத்தார்கள் என்று அறிந்த நமக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டுமா?

இதற்கு நேர்ந்த கதியையும் கேளுங்கள். பயங்கரச் சித்திரக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று அமெரிக்கப் பெரிய மனிதர்கள் 1954-ல் கூச்சல் போட்டு, செனட் சபை விசாரணையும் நடந்து, பிரசுரகர்த்தர்களே ஒரு தணிக்கைச் சட்டம் ஏற்படுத்திக் கொண்டார்கள். 1956-ம் வருஷத் தேதியிட்ட ஓர் இதழில் இக்கதையை மறுபடி போடப் போனபோது, தணிக்கை அதிகாரி, கடைசிப் படத்தில் இருப்பவன் கறுப்பனாக இருக்கக் கூடாது என்றார். பிரசுரகர்த்தர் கெயின்ஸ் மாற்ற முடியாது என்று மறுத்து அப்படியே போட்டார். பிள்ளைகளைப் பேயிடமிருந்து காப்பாற்றப் புறப்பட்ட சீலர்களின் கத்திரி எங்கே போய் நின்றது பார்த்தீர்களா? அதே 1956-ல் நமது நாட்டிலும் இப்படிப்பட்ட புத்தகங்களைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. கொலையும் குரூரமும் நிறைந்த புராணங்கள் மட்டும் புண்ணிய நூல்களாய்க் கடைகளில் தொங்கின.

இனி, பகையாளியாக வரும் வேற்றுக் கிரகத்தான் சங்கதி. 1963-ல் வந்த “கலை அரசி” சினிமாவில் வேற்றுலகத்தார் நம் ஊருக்கு இறங்கி வந்தது பாட்டுக்காரியைத் தேடி. அது ஒரு மரியாதையான படையெடுப்பு! மற்றக் கதைகளில் பெரும்பாலும் கொல்லவே வருகின்றான். இவ்வகைக்கு மூலக் கதையான, செவ்வாய்க் கிரகத்தார் படையெடுப்பைப் பற்றி வெல்ஸ் என்னும் இங்கிலீஷ்காரர் 1898-ல் எழுதிய புத்தகத்தின் ஆரம்பத்திலேயே, டாஸ்மேனியத் தீவு மக்களை வெள்ளையர் அழித்ததை அவரே நினைவூட்டுகின்றார். துப்பாக்கியோடு கப்பலில் வந்து இறங்கிய வேற்றான் தன் ஜாதியான்தான் என்று ஒப்புக் கொண்ட யோக்கியர் அவர். நம் புராணக்காரன் எவனாவது, அசுரன் என்று தான் எழுதினவனுடைய மண் யாருடையது என்று சொன்னானா?

ஆனால் இந்த “வேற்றான்” பயத்தில் ஓர் ஆபத்து இருக்கின்றது. அதை மறைக்க மாட்டோம். 2018 மே மாதத்தில், நமது திருவள்ளூர் ஜில்லாப் பழவேற்காட்டில், குழந்தை பிடிக்க வந்தவன் என்று சந்தேகித்து, ஊர் பேர் தெரியாத ஒரு மனிதனை ஜனங்கள் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். கைப்பேசியில் வந்த வதந்திதான் சாட்சி. அதே நாட்களில் திருவண்ணாமலைப் பக்கம் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியையும் அதே சந்தேகத்தில் அடித்துக் கொன்றார்கள். கொன்றவர்களில் யாரும் சித்திரக்கதை படித்துக் கெட்டுப் போனவர்களாகத் தெரியவில்லை. பிள்ளை பிடிக்கும் பூச்சாண்டியைக் காட்டிச் சோறூட்டி வளர்க்கப்பட்டவர்களே.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு காய்ச்சுகின்றவன் பீகாரி, ஒரியாக்காரன், ஜார்க்கண்டுக்காரன். பக்கத்திலேயே ஈழத்து அகதிகளின் முகாம். ரயிலை விட்டு இறங்குகின்றவனையெல்லாம் வேற்றுக் கிரகத்தானாகப் பார்ப்பது முதலாளிக்கு நிரம்ப வசதி. கூலி குறைந்ததற்குக் காரணம் பீகாரி என்று உள்ளூரான் நினைத்துக் கொண்டிருக்கும் வரையில், குறைத்துக் கொடுத்தவன் நிம்மதியாகத் தூங்கலாமல்லவா?

இதைத்தான் இக்கதைகளில் நல்லவை சொல்லுகின்றன. 1979-ல் வந்த “ஏலியன்” சினிமாவையும், 1988 முதல் அதைத் தொடர்ந்து வந்த சித்திரக்கதைகளையும் பாருங்கள். ஜந்து கொல்லுகின்றது, வாஸ்தவம். ஆனால் அதை உயிரோடு கொண்டு வா, கப்பலில் உள்ள கூலிக்காரர்கள் செத்தாலும் சரி என்று உத்தரவு போட்டது யார்? கம்பெனி! ஜந்துவுக்குப் பசி, கம்பெனிக்கு அதுகூட இல்லை, லாபந்தான்.

இது கற்பனை என்பவர் 1984 டிசம்பர் 2-ந் தேதி இரவு போபாலில் நடந்ததை யோசிக்கட்டும். விஷவாயுத் தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் மாதக்கணக்காய் நிறுத்தப்பட்டிருந்தது. தூங்கிய ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். எந்தக் கிரகத்திலிருந்து இறங்கிற்று அந்தப் புகை? 2023 டிசம்பர் 26-ந் தேதி இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில், உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மீனவக் குடும்பங்கள் மூச்சுத் திணறிக் குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு ஓடினபோது, வானத்தில் பறக்கும் தட்டு எதுவும் காணப்படவில்லை.

ஆகவே, கண்டிக்கச் சொன்ன தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். பிள்ளைகள் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்க வேண்டாம். கதையில் முதலில் பேராசைப்பட்டவன் யார், உத்தரவு போட்டவன் யார் என்று கேளுங்கள். பையன் சரியாகவே பதில் சொல்லுவான். அந்த ஆரஞ்சு, நீல எந்திர மனிதர் கதையைத் தமிழிலும் இந்தியிலும் எளிதாக எழுதிப் படத்தோடு அச்சிட்டு, சிப்காட் வாசலில் ஷிப்டு மாறும் நேரத்தில் கொடுக்க யாராவது முன்வந்தால், விவரத்தை நமக்கு எழுதவும். அச்சுச் செலவுக்கு நம்மாலானதைச் செய்வோம்.