பழங்கலம் புதுக்குதல்

சேலம் மாநகரை அடுத்து ஓங்கி நிற்கும் சேர்வராயன் மலையில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் அமைந்தது ஏர்க்காடு. ஏரியும் காடும் சேர்ந்த இடமாதலின் அவ்வூர் அப்பெயர் பெற்றது என்பர். அவ்வேரியில் துடுப்புப் படகுகளும், காலால் மிதித்துச் செலுத்தும் படகுகளும் நாள்தோறும் உலவுகின்றன. கோடை விழாவில் படகுப் போட்டியும் நடைபெறுவதுண்டு. அப்படகுகளுட் பல மரத்தால் ஆனவை அல்ல, கண்ணாடியிழையால் ஆனவை. கடற்கரை மீனவர் இவ்வகையினைப் ‘பைபர் படகு’ என்று வழங்குவர். இத்தகைய படகு பழுதுற்றால் அதனை எறிந்துவிடுவதா, செப்பம் செய்து மீண்டும் நீரில் இறக்குவதா என்பது சிறிய வினாவாகத் தோன்றும். ஆராய்ந்து நோக்கின், அது பெரிய வினாவேயாகும். செப்பம் செய்வதே தக்கது. அதனையும் நேர்மையுடன் செய்தல் வேண்டும்.

கண்ணாடியை மயிரினும் மெல்லிய இழைகளாக நீட்டிப் பாய் போலாக்கி, அச்சின்மேல் பரப்பிப் பிசின் ஊட்டுவர். இவ்வாறு படலத்தின்மேற் படலமாக இட்டால், அது இறுகி வலிய ஓடாகின்றது. அவ்வோடு மரம்போல் உளுத்துப் போவதில்லை, இரும்புபோல் துருப்பிடிப்பதில்லை. இவ்வுறுதியே அதன் சிறப்பு. அதன் குறையும் அதுவே. ஒருமுறை இறுகிய பிசினை மெழுகுபோல் உருக்கி வேறொரு பொருளாக வார்த்தல் இயலாது. மண்ணிற் புதைத்தால் மக்காது. தீயில் இட்டால் நச்சுப்புகை எழும். எனவே எறியப்பட்ட படகு, எறிந்தவரின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் குப்பையாகவே கிடக்கும்.

இப்படகுகளுட் சில பந்தயப் புகழ் வாய்ந்தவை. 1960ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மயாமி நகரிலிருந்து பகாமாத் தீவுகளின் நாசோ நகர் வரை ஒரு விரைவுப் படகுப் பந்தயம் நடைபெற்றது. அன்று கடல் கொந்தளித்தது. ரிச்சர்டு பெர்ட்ரம் என்பாரின் ‘மாப்பி’ என்னும் படகு வெற்றி பெற்றது. வெற்றியின் மறை யாது? படகின் அடிப்பகுதியே. தட்டையான அடியுடைய படகு விரைந்து செல்லுங்கால் அலைதோறும் அறைபட்டுத் தடுமாறும். ரே ஹன்ட் என்னும் வல்லுநர் வகுத்த அடியோ ஆப்புப் போன்று ஆழ்ந்து கூர்மையுற்றிருந்தது. ஆகவே அலையைப் பிளந்துகொண்டு சென்றது. மாப்பி மரத்தாலான படகு. அதன் வடிவைத் தழுவி 31 அடி நீளமுள்ள கண்ணாடியிழைப் படகுகள் அடுத்த ஆண்டு முதல் ஆயிரத்திற்கும் மேலாகக் கட்டப்பட்டன. அக்காலத்தார் இப்புதுப் பொருளின் வலிமையை முற்ற அறியாராய், ஓட்டினைத் தடிப்பாகவே இட்டனர். அதனால் அவற்றுட் பல அறுபது ஆண்டு கடந்தும் செப்பஞ் செய்யத் தக்கனவாய் உள்ளன.

செப்பஞ் செய்யும் முறை பொறுமையைக் கற்பிப்பது. சந்தையிற் பானை வாங்குவோர் அதனைத் தட்டிப் பார்த்து ஓசையறிவர் அன்றோ? அவ்வாறே தொழில் வல்லார் சிறு சுத்தியால் படகின் உடலெங்கும் தட்டிக் கேட்பர். ஓசை கணீரென எழுந்தால் நலம். மந்தமாக எழுந்தால் உள்ளே ஈரம் புகுந்துள்ளது என்பது குறிப்பு. ஓடு உளுக்காதெனினும், அதனுள் வைத்து மூடிய மரக்கட்டைகள் நீர் புகுந்தால் உளுத்துவிடும். பின்புறப் பலகையும் நெடுக்குக் கட்டைகளுமே பெரும்பாலும் இவ்வாறு கெடுவன. அவற்றை அகற்றி, ஓட்டினை நன்கு உலரவிட்டு, புதிய கட்டை பொருத்துதல் வேண்டும். வெடிப்பின் விளிம்பைச் சரிவாகத் தேய்த்து, புதிய இழைப்பாயைப் பிசினுடன் இட்டு, காற்றுக் குமிழி தங்காவண்ணம் உருளையால் அழுத்துதல் வேண்டும். தேய்க்குங்கால் எழும் தூசு நுரையீரலுக்குத் தீங்கு பயப்பதாதலின், மூக்கையும் வாயையும் காக்கும் கவசம் இன்றியமையாதது.

இவற்றையெல்லாம் விடுத்து, வெடிப்பின்மேல் வண்ணம் பூசி விற்போரும் உளர். அது புதுக்குதல் ஆகாது, வஞ்சித்தலே ஆகும். கடல் வண்ணத்தைப் பார்த்து இரங்குவதில்லை. வேறு சிலர் அழகு கருதிப் படகின் அடிவடிவையே மாற்றுகின்றனர். அதுவும் தவறு. தேய்ந்த பொறியை மாற்றலாம். உளுத்த கட்டையை மாற்றலாம். எவ்வடிவால் அப்படகு அலையை வென்றதோ, அவ்வடிவை மாற்றினால் எஞ்சுவது பெயர் மட்டுமே.

“இது செல்வர் விளையாட்டு, ஏழை நாட்டிற்கு இதனால் என்ன பயன்?” என்று சிலர் வினவலாம். வினா பொருளுடையதே. விடையைத் தமிழகக் கடற்கரை தருகின்றது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை எண்ணிறந்த மீன்பிடிப் படகுகளைச் சிதைத்தது. உதவ முன்வந்தோர் பலர் புதுப்படகுகளை வழங்கினர். நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆயினும் விரைந்து கட்டியவற்றுட் சில தரத்திற் குறைந்தன. சிலவிடங்களிற் படகுகளின் எண்ணிக்கை முன்னிருந்த அளவையும் விஞ்சியது. செப்பஞ் செய்யப்பெற்ற படகுகளோ, உரியவர் கைக்கு மீண்டு அவர்தம் பிழைப்பைத் தொடரச் செய்தன. பந்தயப் படகிற்கும் மீனவர் படகிற்கும் பொருள் ஒன்றே, செப்பமுறையும் ஒன்றே. ஒன்றிற் பழகிய கை மற்றொன்றிற்கும் உதவும்.

இஃது அயல்நாட்டார் அறிவு மட்டும் அன்று. கட்டுமரத்திற் சென்று மீண்ட தமிழ் மீனவர், கரையிற் கயிற்றை அவிழ்த்து மரங்களை உலரவிடுவர். பின்னர் மீண்டும் பிணைப்பர். பழுதான மரம் ஒன்றிருப்பின் அதனை மட்டும் மாற்றுவர்; ஏனையவற்றைப் போற்றிக் காப்பர். அக்கட்டுமரம் என்னும் சொல்லே ஆங்கிலத்திற் புகுந்து, இரட்டை உடலுடைய படகுகளுக்குப் பெயராயிற்று. 2018 நவம்பரில் விசயவாடாவில் கிருட்டிணையாற்றின்மேல் நடைபெற்ற உலக விரைவுப் படகுப் போட்டியில் ஓடியவையும் அவ்வகையினவே. பெயரை உலகிற்கு ஈந்த மக்கள், அப்பெயருடன் இருந்த பேணும் பண்பைக் கைவிடலாகாது. கெட்டதைக் களைந்து, நல்லதைக் காத்து, செய்ததை மறையாது உரைப்பதே புதுக்குதலின் இலக்கணம். அவ்விலக்கணம் படகிற்கு மட்டும் உரியதன்று.