வாடையும் யன்னலும்

யாழ்ப்பாணக் குடாநாடு ஓராண்டிற் பெறும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று திங்களிலே பெய்துவிடுகின்றது. அம்மழை மேலிருந்து நேரே விழுவதன்று. வாடையும் கொண்டலும் அதனைச் சாய்த்து வந்து, வடக்கும் கிழக்கும் நோக்கிய சுவர்களில் அறைகின்றன. கூரை எத்துணைச் செவ்வையாக இருப்பினும் யன்னலோரம் நனைந்து ஊறுவது இதனாலேயாம்.

யன்னலோரத்து ஈரந்தானே என்று நாம் அதனை எளிதாக எண்ணிவிடுகின்றோம். ஈரம் ஊறிய சுவரிலே பூஞ்சணம் படரும். முட்டு வருத்தமுள்ள முதியோரும் குழந்தைகளும் இரவெல்லாம் மூச்சுக்குத் திணறுவதற்கு அப்பூஞ்சணமும் ஒரு காரணம். அச்சுவரையடுத்த அலுமாரியிலேதான் காணி உறுதியும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் புத்தகங்களும் இருக்கும். பல இடப்பெயர்வுகளில் எல்லாவற்றையும் இழந்து, எஞ்சியவற்றை மட்டும் மடியிற் கட்டிக் காத்த மக்கள் நாம். அவற்றை ஒரு விரலளவு இடுக்குக்குப் பலி கொடுத்தல் தகுமா?

1995ஆம் ஆண்டு ஒற்றோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டுப் பெயர்ந்தனர். மீண்டு வந்தோர் பலர், கதவும் யன்னலும் கழற்றப்பட்ட வெறுஞ் சுவர்களையே கண்டனர். சாக்கும் படங்கும் தகரமுமே அவர்களுக்கு யன்னலாயின. பின்னர், கிடைத்த நிலைகளைக் கொணர்ந்து பொருத்திச் சுற்றிலும் சீமெந்து அப்பிய வீடுகள் பல. அன்றைய நிலையில் அதுவே பெரிய காரியம். ஆயினும், அவ்வாறு அடைத்த இடங்களிலேதான் ஆண்டுதோறும் வெடிப்புக் காண்கின்றது.

இதன் காரணம் எளிது. மரம் மாரியிற் பருக்கும், கோடையிற் சுருங்கும். சீமெந்தோ அசையாது. அசைவதும் அசையாததும் சேருமிடத்தில் மயிரளவு பிளவு தோன்றும். நுண்ணிய குழாயில் நீர் தானே ஏறுதலைப் பௌதிகவியல் வகுப்பில் மாணவர் கண்டிருப்பர். அதே விதிப்படி அப்பிளவு மழைநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலும் மேலும் சீமெந்து பூசுவதால் வரும் பயன் அடுத்த கோடை வரைக்குமே. பழைய சுண்ணாம்புச் சுவராயின் கேடு இன்னும் மிகும். சுண்ணாம்பு தான் உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளியே விடும் இயல்பினது. சீமெந்துப் பூச்சு அந்த ஈரத்தைச் சிறை வைக்கும்.

அசையும் மூட்டை அடைக்கும் கலை நமக்குப் புதியதன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், பெருங்கடல்களைக் கடந்து 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. மரக்கலத்தின் பலகைகள் ஓயாது அசைவன. ஆதலால் கப்பல் கட்டுவோர் பலகையிடுக்கில் தும்பு அல்லது பஞ்சை உளியாலும் கொட்டாப்புளியாலும் செறித்து, அதன்மேல் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையைப் பூசுவர். உள்ளே நெகிழ்வு, மேலே நீர்க்காப்பு. இதுவே அதன் தத்துவம்.

யன்னலுக்கும் இத்தத்துவமே பொருந்தும். ஆவணி, புரட்டாதியில், சுவர் நன்றாக உலர்ந்திருக்கும்போது வேலையைத் தொடங்குக. நிலையைச் சுற்றியுள்ள உதிர்ந்த சாந்தைச் சுரண்டி, தூசு போகத் துடைத்து, இடுக்கில் உலர்ந்த தும்பைத் திரித்துச் செறித்துவிடுக. அதன்மேற் கடையிற் குழாயில் விற்கும் நெகிழ்பசையை இடுக. 12 மில்லிமீற்றர் அகலமுள்ள இடுக்குக்கு 6 மில்லிமீற்றர் ஆழப் பசை போதும்; ஆழமாக நிரப்பினால் அது நெகிழாது கிழியும். சிலிக்கன் பசையின்மேல் வர்ணம் ஒட்டாது. வர்ணம் பூசவேண்டிய இடத்துக்கு அக்கிரிலிக்கு வகையைக் கேட்டு வாங்குக.

யன்னலின் அடிக்கட்டு வெளிப்புறமாகச் சரிந்திருத்தல் வேண்டும். சுவருக்கு வெளியே நீளும் அதன் அடிப்பக்கத்திலே ஒரு சிறு சால் வெட்டிவிட்டால், அடியைப் பற்றிக்கொண்டு சுவருக்கு ஓடும் நீர் அங்கேயே சொட்டிவிடும். துருப்பிடித்த கம்பிகளையுங் கவனிக்க. இரும்பு துருவாகும்போது பருத்துச் சுற்றியுள்ள சாந்தைப் பிளக்கும். உப்புக்காற்று வீசும் கரையோர ஊர்களில் இது மிகுதி. அலுமினிய யன்னல் பூட்டியவர்கள், அதன் அடிச்சட்டத்திலுள்ள சிறு துவாரங்களை ஒழுக்கென்று எண்ணி அடைத்துவிடலாகாது. அவை உட்புகுந்த நீர் வெளியேறுவதற்கென்றே வைக்கப்பட்டவை.

யன்னற் கதவு மார்கழியில் இறுகினால் உடனே ஓடாவியாரை அழைத்துச் சீவுவிப்பது நம்மவர் வழக்கம். பருத்திருக்கும் மரத்தைச் சீவினால், சித்திரையில் அது சுருங்கி, விரல் நுழையும் இடைவெளி காட்டும். மாரி கழிந்து மரம் உலரும் வரை பொறுத்திருந்து, பின்பும் இறுகுமாயின் மட்டுமே சீவுதல் நன்று. சீவிய ஓரத்துக்கு அன்றே எண்ணெயோ வர்ணமோ பூசிவிடல் வேண்டும்.

இனி, யாவற்றிலும் முதன்மையான ஒன்று. கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் நம் பிள்ளைகள் விடுமுறையில் வந்து, அந்நாட்டு வீடுகளைப்போல் ஓரிடுக்கும் இன்றி அடைத்துவிடச் சொல்லுவர். அவர்கள் அடைப்பது உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறாமைக்கு. அங்கும் காற்று மாறுதற்கு வேறு வழி வைத்தே அடைப்பர். நம் வீட்டில் அடைக்கவேண்டியது வெளியிருக்கும் மழையை. சமையலிலும் ஈரத்துணியிலும் நம் மூச்சிலும் எழும் நீராவி வெளியேற வழியின்றேல், ஒழுகாத வீட்டிலுங்கூடப் பூஞ்சணம் படரும். ஆதலால் கூரையோரத்துக் காற்றுத் துவாரங்களை அடைத்தல் கூடாது. மழை ஓய்ந்த வேளைகளில் எதிரெதிரான யன்னல்களைத் திறந்து விடுதல் வேண்டும்.

கூதிர்காலத்திற் பலகணிகளைத் தாழிட்டு, வாயகன்ற தடவிலே நெருப்பு வளர்த்துக் குளிர் காய்ந்த மக்களை நக்கீரர் நெடுநல்வாடையிற் காட்டுகின்றார். பாட்டுக்கு அது அழகு. இன்று நன்கு அடைத்த அறையிலே கரிச்சட்டி வைப்பதும், புயலில் மின்சாரம் நின்றதென்று மின்பிறப்பாக்கியை வீட்டினுள் இயக்குவதும் உயிருக்கு உலை வைப்பனவாம். அவற்றால் எழும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவரை எழுப்பாமலே கொண்டு போய்விடும்.

ஆகவே, இடுக்கை அடையுங்கள். காற்றின் வழியை அடையாதீர்கள். புரட்டாதியின் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தந்தையும் பிள்ளைகளுமாகக் கூடி, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஒவ்வொரு நிலையின் ஓரமாகவும் பிடித்துச் சென்றால், புகை சாயுமிடம் காற்றுப் புகுமிடத்தைக் காட்டிவிடும். அவ்விடத்தைச் சோக்குக்கட்டியாற் குறித்து வைத்தாலே வேலையிற் பாதி முடிந்தது.