விலை கூடிய லென்ஸ்தான் நல்ல லென்ஸா?

“அப்பாவுக்கு வயது 66. மதுராந்தகம் பக்கம் மூன்று ஏக்கரில் சம்பா நெல் போட்டிருக்கிறோம். இரண்டு கண்ணிலும் புரை. மயிலாப்பூரில் தம்பி வீட்டில் தங்கி, தி.நகரில் ஒரு கண் மருத்துவமனையில் காட்டினோம். மூன்று விதமான லென்ஸ் சொன்னார்கள். மூன்றுக்கும் மூன்று விலை. இருப்பதிலேயே விலை கூடியதை வைத்துவிடலாம், பணம் பற்றாவிட்டால் ஒரு கறவை மாட்டை விற்கலாம் என்கிறான் தம்பி. அறுவடை முடியட்டும் என்கிறார் அப்பா. எது சரி?”

- ஒரு வாசகர், மதுராந்தகம்

லென்ஸுக்காகக் கறவை மாட்டை விற்க வேண்டியதில்லை. விலைப் பட்டியலைப் பார்க்கும் முன் ஒன்றை யோசிக்க வேண்டும்: அப்பா ராத்திரியில் மோட்டார் போடப் போகிறவரா, இருட்டில் வண்டி ஓட்டுகிறவரா?

கண்மணிக்குப் பின்னால் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் இயற்கை லென்ஸ், வயதாக ஆக மங்குவதுதான் கண்புரை. சர்க்கரை நோய், புகைப்பழக்கம், கண்ணில் பட்ட அடி, நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து, பல வருட வெயில் எல்லாம் அதை விரைவுபடுத்தும். சொட்டு மருந்தால் புரை கரையாது. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பது ஒன்றே வழி.

விவசாயிக்குப் புரை வெறும் பார்வைக் குறை மட்டுமல்ல. புரை கூடும்போது நிறங்கள் மஞ்சளடித்து, நீலம் மங்கும். பூச்சிமருந்து லேபிளில் நஞ்சின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை அடையாளங்களைப் பிரித்தறிய முடியாமல் போகும். அளவு மூடியின் கோடும் தெரியாது. மருந்து கலக்கும் வேலையை இப்போதே வீட்டில் கண் தெளிவாக உள்ள வேறு ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

இனி லென்ஸ். பொதுவாக வைப்பது ஒரே தூரத்துக்கான ‘மோனோஃபோக்கல்’. தூரம் தெளிவாகத் தெரியும்; படிக்க, ஊசியில் நூல் கோக்க வெள்ளெழுத்துக் கண்ணாடி போட வேண்டும். ‘மல்டிஃபோக்கல்’ லென்ஸ் உள்ளே வரும் ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடுகிறது. கண்ணாடித் தேவை வெகுவாகக் குறையும். ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கூசலாம், மங்கலான வெளிச்சத்தில் வரப்பும் வாய்க்காலும் பிரிந்து தெரிவது குறையலாம். அடையாறு அடுக்குமாடியில் இருந்துகொண்டு நாள் முழுக்கப் பேப்பரும் செல்போனும் பார்க்கும் ஓய்வுபெற்றவருக்கு அது பிடித்துப்போகலாம். நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வந்ததும் டார்ச்சோடு வரப்பில் நடக்கிறவருக்கு மோனோஃபோக்கலே மேல். சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தாலோ, கண் நீர் அழுத்த நோய் இருந்தாலோ மல்டிஃபோக்கலைப் பெரும்பாலும் மருத்துவர்களே தவிர்த்துவிடுவார்கள். மூன்றாவது வகையான ‘டோரிக்’, கருவிழி வளைவில் கோணல் உள்ளவர்களுக்கு, அதாவது கண்ணாடிச் சீட்டில் ‘சிலிண்டர்’ பவர் அதிகம் எழுதியிருப்பவர்களுக்கு. அது இல்லாதவருக்கு அந்தச் செலவு வீண்.

மடியும் லென்ஸா, மடியாத லென்ஸா என்பதிலும் விலை மாறும். மடிவது இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீறல் வழியே உள்ளே போய் விரியும். மடியாததற்குக் கீறல் ஆறு மில்லிமீட்டர் அளவுக்கு வேண்டும். ஆற இன்னும் சில நாள் கூடும். இரண்டுமே ஆயுளுக்கும் கண்ணில் இருக்கும். கண்ணுக்குப் பொருந்த வேண்டியது லென்ஸின் பவர். கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து அதைக் கணக்கிடுவார்கள். விலை எதுவானாலும் இந்த அளவு சரியாக இருந்தால்தான் பார்வை சரியாக வரும்.

இந்த லென்ஸ் பிறந்த கதையே சிக்கனமானதுதான். போரில் உடைந்த விமானக் கூரையின் பிளாஸ்டிக் துணுக்குகள் விமானிகளின் கண்ணில் தங்கியும் கெடுதல் செய்யாததைக் கவனித்த ஹரால்ட் ரிட்லி, 1949-ல் லண்டனில் அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து வைத்தார். வெகுகாலம் இறக்குமதி விலையில்தான் அது நம் ஊருக்கு வந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் 1992-ல் இங்கேயே செய்யத் தொடங்கியதும் விலை பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. மலிவு லென்ஸ் என்று முகம் சுளிப்பவர்கள், அந்த லென்ஸ்தான் உலகின் பல நாடுகளுக்குப் போகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கையில் பணமில்லை என்றால், மயிலாப்பூரிலிருந்து எழும்பூர் ஒன்றும் தூரமில்லை. 1819-ல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை அங்கே இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் லென்ஸோடு சேர்த்தே இலவசமாக அறுவை சிகிச்சை செய்கிறார்கள்.

அறுவடை விஷயத்தில் அப்பா சொல்வதில் நியாயம் உண்டு. புரை முற்றினால்தான் எடுக்க வேண்டும் என்பது பழைய பேச்சு. கோடையில் செய்யக்கூடாது என்பதும் அப்படித்தான். ஆனால் அறுவை முடிந்த கையோடு களத்துமேட்டில் நின்றால் வைக்கோல் தூசும் நெல் சுணையும் கண்ணில் விழும். ஆறாத கண்ணில் கிருமி புகுந்தால் பார்வையே போய்விடும். மருத்துவர் தள்ளிப்போடலாம் என்று சொன்னால், தை மாதத்தில் சம்பாவை அறுத்துவிட்டு, சொர்ணவாரிக்கு நாற்றுவிடும் முன் கிடைக்கும் மாசி, பங்குனியில் செய்துகொள்வது நல்லது. இரண்டு கண்ணையும் பொதுவாக ஒரே நாளில் செய்ய மாட்டார்கள் என்பதால் அந்த இடைவெளி முழுதும் தேவைப்படும். அதற்குள் கண் சிவந்து, வலியோ வாந்தியோ வந்தால் அறுவடையை விட்டுவிட்டு அன்றைக்கே ஓட வேண்டும். முற்றிய புரை கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

போகும்போது அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரையையும் எடுத்துப் போக வேண்டும், முக்கியமாகச் சிறுநீர்த் தடைக்கான மாத்திரையை. சில வகை, அறுவையின்போது கண்மணியைச் சுருக்கிச் சிரமம் கொடுக்கும். வீடு திரும்பிய பிறகு சில வாரத்துக்கு மூட்டை தூக்குவது, மாட்டுக்கொட்டகை கூட்டுவது, தலைக்குக் குளிப்பது எல்லாம் மருத்துவர் சொல்லும் வரை கூடாது. லென்ஸின் பவரும் வரிசை எண்ணும் உள்ள ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டித் தருவார்கள். அதைப் பட்டா, சிட்டா வைக்கும் உறையிலேயே வைத்துவிடலாம்.