பொண்ணு பைக் கேட்கிறாளா?

“காலேஜ் போற பொண்ணு யமஹா ஆர்15 கேக்கறாளே!” என்று மலைக்கும் தேனி, கம்பம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை.

155 சி.சி., 6 கியர், எடை சுமார் 140 கிலோ. ரேஸ் பைக் ஜாதியில் இது லேசான வண்டிதான். கிளட்சும் கையை நோகடிக்காது. ஆனால் ஸீட் உயரம் 815 மி.மீ. கடையிலேயே உட்காரச் சொல்லுங்கள். இரண்டு முன்பாதமும் தரையில் ஊன்றினால்தான் சரி. குனிந்து ஓட்டுவதால் மணிக்கட்டும் இடுப்பும் வலிக்கும். ஆரம்பத்தில் அரைமணிக்கு ஒருதரம் இறங்கி நிற்கட்டும்.

ஆடிக் காற்று லேசான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும், வேகத்தைக் குறைக்கணும். கம்பம் மெட்டு, குமுளி இறக்கத்தில் கிளட்சைப் பிடித்தபடி இறங்கவே கூடாது. இரண்டாம் கியரில் வந்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

18 வயசு, லைசென்ஸ், ஹெல்மெட் மூன்றும் இருக்கா? தைரியமாக வாங்கிக் கொடுங்கள். பைக் என்றால் பையனுக்கு மட்டும்தானா, என்ன?