குரங்கு எழுதிய பரீட்சை

எளிய வினாத்தாளைக் கொடுத்துவிட்டு, மாணவர் எல்லாரும் சித்தியடைந்தனர் என்று மகிழும் ஆசிரியர் பின்னர் ஏமாறுவது உறுதி. விஞ்ஞான உலகிலும் இத்தகைய ஏமாற்றம் நிகழ்ந்ததுண்டு. எயிட்ஸ் நோய்க்குத் தடுப்பூசி தேடிய கதை அதற்குத் தக்க சான்றாகும்.

எச்.ஐ.வி. என்னும் வைரசு மனிதனின் நிர்ப்பீடனத்தையே, அதாவது நோயை எதிர்த்து நிற்கும் ஆற்றலையே, அழிப்பது. அதன் இனத்தைச் சேர்ந்த எஸ்.ஐ.வி. ஆபிரிக்கக் குரங்குகள் பலவற்றிற் பெருந்தீங்கு செய்யாது வாழ்கின்றது; ஆசியாவின் றீசஸ் குரங்கினுட் புகுந்தாலோ எயிட்ஸை ஒத்த நோயை விளைக்கின்றது. ஆகவேதான் மனிதனுக்கு முன்பாக இக்குரங்கு தடுப்பூசிச் சோதனைக்கு உட்படுத்தப்படுகின்றது.

தடுப்பூசி செய்யும் முறை யாது? தடிமனை உண்டாக்கும் அடினோ வைரசைப் பெருகவொட்டாது முடக்கி, அதனுள் எச்.ஐ.வி.யின் மரபணுக்கள் சிலவற்றை மாத்திரம் ஏற்றி அனுப்புவர். இவ்வாறு சுமந்து செல்லும் வைரசைக் காவி என்பர். அது கொண்டுவந்த பொருளை இனங்கண்டு உடல் போருக்கு ஆயத்தமாகும். முழு எச்.ஐ.வி. அதில் இல்லாமையால், ஊசியால் எயிட்ஸ் வருமோ என்னும் அச்சத்துக்கு இடமில்லை.

2002 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், இத்தகைய தடுப்பூசி பெற்ற குரங்குகள், இரு வைரசுகளையும் கலந்து ஆக்கிய ஒரு வைரசை நன்கு அடக்கின. வலிய எஸ்.ஐ.வி.யை எதிர்த்தபோதோ அத்துணைப் பயன் கிட்டவில்லை. ஏறத்தாழ 3,000 தொண்டர்களைக் கொண்டு மனிதரிடையே நடந்த சோதனையும் 2007 இல் நிறுத்தப்பட்டது. தடுப்பூசி காக்கவில்லை, தொண்டருள் ஒரு சாராரிடம் தொற்று மிகுந்தும் காணப்பட்டது. முதல் வினாத்தாள் எளிதாயிருந்தமை அப்போது தெளிவாயிற்று.

அமெரிக்காவின் ஒரிகனில் லூயிஸ் பிக்கர் குழுவினர் வேறொரு காவியைத் தேர்ந்தனர். ஆயுள் முழுவதும் உடலில் தங்கும் சைற்றோமெகலோ வைரசே அது. 2011, 2013 ஆம் ஆண்டுகளில் வெளியான முடிவுகள் வியப்பூட்டின. ஏறத்தாழப் பாதிக் குரங்குகள், உட்புகுந்த எஸ்.ஐ.வி.யை அடக்கி, காலப்போக்கில் அடையாளமே இன்றி நீக்கின. மறுபாதிக்கு அக்காப்புக் கிட்டவில்லை.

வேறோர் அடினோ வைரசைக் கொண்ட தடுப்பூசி குரங்குகளில் நூற்றுக்கு 67 பங்கு காப்பளித்ததென 2018 இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் மனிதரில் அவ்வழி போதிய பயன் தராமையால், 2021 இலும் 2023 இலும் இரு பெருஞ்சோதனைகள் நிறுத்தப்பட்டன.

இவ்வுழைப்பெல்லாம் வீணாயிற்றா? இல்லை. 2021 சனவரியில் இலங்கையில் முதன்முதலாக ஏற்றப்பட்ட கொரோனாத் தடுப்பூசியும் சிம்பன்சியின் அடினோ வைரசைக் காவியாகக் கொண்டதே. அதுவும் றீசஸ் குரங்குகளிற் சோதிக்கப்பட்டதே.

எச்.ஐ.வி.க்கு இன்றும் தடுப்பூசி இல்லை. வாய்பேசா உயிர்களை நமக்காகப் பரீட்சை எழுத வைக்கின்றோம். அவற்றின் துன்பம் வீண்போகாதிருக்க வேண்டுமாயின், வினாத்தாள் கடினமாயிருத்தல் வேண்டும். விடையை நாம் விரும்பியவாறன்றி, உள்ளவாறே வாசித்தலும் வேண்டும். விஞ்ஞானம் பயிலும் இளைஞர் இதனை மனத்திற் கொள்வாராக.